ஞாயிறு மாலை ஆறு மணி டெமோ கார்: வாங்க வராதவர்களால் ஷோரூம் இழப்பது எது?

கார் ஷோரூம்களில் “டைம் பாஸ் பார்ட்டி” என்று ஒரு பட்டம் உண்டு. வருவார், ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுவார், டாப் எண்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்பார், டெஸ்ட் டிரைவ் கேட்பார், காபி குடிப்பார், கொட்டேஷனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். அதன்பின் போனை எடுக்கவே மாட்டார். இந்த ஆய்வு அவரைப் பற்றியது. அதைவிட, அவர் என்று நினைத்து ஷோரூம் கைகழுவிய மற்றவர்களைப் பற்றியது.

பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரோட்டையொட்டிய ஒரு நடுத்தர ஷோரூம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கிடையாது. ஏனென்றால் இது ஒரே கடையில் நடந்ததல்ல. சென்னை ஷோரூம்களில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே ஞாயிற்றுக்கிழமையாகக் கோத்தது. செலவுக் கணக்கில் வரும் தொகைகளும் கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்டவைதான். தேதிகளும் வரி விகிதங்களும் சட்டப் பிரிவுகளும் மட்டும் உள்ளது உள்ளபடி.

இடமும் காலமும்

ஆறு சேல்ஸ் கன்சல்டன்ட், ஒரு டீம் லீடர், வரவேற்பில் ஒருவர். அதிகம் ஓடும் மாடல், நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் எஸ்யூவி. அதில் டெமோ கார் இரண்டு: ஒன்று மேனுவல், ஒன்று ஆட்டோமேட்டிக். சென்னை டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்துக் கால் ஓய்ந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஆட்டோமேட்டிக்கைத்தான். மேனுவல் டெமோ பாதி நாள் மரத்தடியில் சும்மா நிற்கும்.

காலம் 2025 ஆகஸ்ட் கடைசி. அந்த ஆண்டு ஆடி ஜூலை 17-இல் பிறந்து ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. ஆடியில் புது வண்டி எடுக்கமாட்டார்கள். ஆனால் பார்ப்பதற்குத் தடையில்லை. ஆடியில் பார்த்து வைத்து ஆவணியில் புக் செய்வது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. ஆவணி 1 ஞாயிற்றுக்கிழமையாகவே வாய்த்ததால் நல்ல கூட்டம் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 15 அன்று, செங்கோட்டை உரையில் தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்துவிட்டார். எவ்வளவு குறையும், எந்த வண்டிக்குக் குறையும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 3-இல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்தது. செப்டம்பர் 22 முதல் அமல். செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதமாக இருந்த சின்ன பெட்ரோல் காரின் வரி 18 ஆனது. சின்ன டீசல் 31-இலிருந்து 18. பெரிய வண்டிகளுக்கு 45 முதல் 50 வரை இருந்தது ஒரே 40 ஆனது.

9 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள (ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) சின்ன பெட்ரோல் காரில் இது 76,000 ரூபாய்க்கு மேல் இறக்கம். எக்ஸ்-ஷோரூம் குறைந்தால் அதன்மேல் விழும் ஆயுள் வரியும் குறையும். இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தபின் ஆகஸ்ட் கடைசியில் யார் பணத்தை நீட்டுவார்? வண்டியைப் பார்க்க வந்தார்கள், ஓட்டினார்கள், விலை கேட்டார்கள், போனார்கள். ஷோரூமின் கண்ணுக்கு வந்தவர்கள் எல்லோருமே டைம் பாஸ் பார்ட்டியாகத் தெரிந்த ஐந்து வாரங்கள் அவை.

அந்த ஞாயிறு

காலை 10.30-க்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் ஒருவர். ஐந்து மாடல்களை ஒரு ஷீட்டில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “இது மூணாவது வண்டி. இன்னும் ரெண்டு ஓட்டிப் பார்க்கணும்” என்று மறைக்காமல் சொன்னார். பின் சீட்டில் இடம், பூட் அளவு, ஸ்பீடு பிரேக்கரில் வயிறு தட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனார்.

நண்பகலில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு ஏசிக்காக வந்த மாதிரி வந்து போயின. டெஸ்ட் டிரைவ் கேட்கவில்லை. இவர்களால் ஷோரூமுக்குப் போனது நான்கு காபி.

மூன்று மணிக்கு ஒரு பெண் தனியாக. கன்சல்டன்ட் கேட்ட முதல் கேள்வி: “சார் வரலையா மேடம்?” அவர் வண்டியை ரிவர்ஸில் இரண்டு தூணுக்கு நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் ஸ்டில்ட் பார்க்கிங், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே. “அதெல்லாம் கேமரா பார்த்துக்கும் மேடம்” என்று பிரோஷர் கைக்குப் போனது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். சிஸ்டத்தில் பதிவே இல்லை.

நான்கரை மணிக்கு மேல் தளம் காலி. ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு. புக்கிங்குக்கு மட்டுமல்ல, வண்டி பார்க்கக் கிளம்புவதற்கும் அதைப் பார்ப்பவர்கள் நிறைய. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டம் முழுவதும் ஆறு மணிக்கு மேல் ஒரே நேரத்தில் வந்து விழும்.

5.50-க்கு நான்கு கல்லூரிப் பையன்கள். வண்டியைப் பற்றி கன்சல்டன்டைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது: முறுக்கு விசை (டார்க்) எவ்வளவு, கியர்பாக்ஸ் எந்த வகை, வெளிநாட்டு மாடலில் என்ன வித்தியாசம் என்று கொட்டினார்கள். இவ்வளவு ஆர்வமா என்று மயங்கி, ஆட்டோமேட்டிக் சாவியை எடுத்துக் கொடுத்தாயிற்று. ஒருவனுக்கு லைசென்ஸ் இருந்தது. மற்றவன் முன் சீட்டில் போனை நீட்டி ரீல் எடுத்தான். கீழ்க்கட்டளைப் பாலத்தைத் தாண்டி, பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் நேராகப் போய், வண்டி வந்து சேர்ந்தபோது மணி 6.55. பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் 6.10-க்கு ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பணம் கட்டப்போகிற மகன் துபாயில், வீடியோ காலில். அவர்கள் வருவது மூன்றாம் முறை. முதல் இரண்டு முறையும் ஆடியில். முதல் முறை அப்பா நம்பரிலும் அடுத்த முறை மகன் நம்பரிலும் என்கொயரி பதிவாகியிருந்ததால், சிஸ்டத்தைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். இருவருக்கும் “கோல்ட்” (cold), அதாவது வாங்க வாய்ப்பு குறைவு என்ற குறி.

“ஆட்டோமேட்டிக் வெளிய போயிருக்கு சார். மேனுவல்ல ஒரு ரவுண்டு போயிடலாமே, ரெண்டும் ஒரே வண்டிதானே.”

“இல்ல தம்பி, எனக்கு இடது கால்தான் பிரச்சினை. நாங்க உட்கார்றோம்” என்றார் அப்பா.

அம்மா எழுந்து டிஸ்பிளே வண்டியின் பின் கதவைத் திறந்தார். அந்த வண்டி, ஷோரூம்களில் வழக்கமாக நிற்பதைப்போல, தரையிலிருந்து அரை அடி உயர மேடையில் நின்றது. மேடையில் ஒரு கால் வைத்து ஏறி, மேலே இருக்கும் பிடியைப் பிடித்து, சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, காலை உள்ளே இழுக்க முடியாமல் இரண்டு தடவை முயன்றார். இறங்கும்போது கால் தரையைத் தொடவில்லை. மேடை விளிம்பைத் தேடித் தவித்தது. “இது நமக்கு ஏறி இறங்க முடியாதுங்க. உயரமா இருக்கு. வாங்க போலாம்” என்றார். உயரமாக இருந்தது மேடை. அதைச் சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை. 6.40-க்குப் போய்விட்டார்கள்.

அன்று இரவு என்கொயரிகளை மூடும்போது ஐடிக்காரருக்கு “ஜஸ்ட் லுக்கிங்”, தம்பதிக்கு “பட்ஜெட் இல்லை”, பையன்களுக்கு “ஹாட்” (சீக்கிரம் வாங்குவார்) என்று பதிவாயிற்று. ஹாட் போடக் காரணம் உண்டு: என்கொயரிக்கு இத்தனை டெஸ்ட் டிரைவ், டெஸ்ட் டிரைவுக்கு இத்தனை ஹாட் என்று கம்பெனி விகிதம் கேட்கும்.

செப்டம்பர் 22 வந்தது. நவராத்திரியும் அன்றே தொடங்கியது. டெலிகாலர்களுக்குப் போன பட்டியலில் “ஹாட்”, “வார்ம்” மட்டுமே. மூடிய என்கொயரிகள் பட்டியலில் வராது. தம்பதி அதே மாடலை, தரையில் நிறுத்திக் காட்டிய இன்னொரு ஷோரூமில் அந்த வாரமே புக் செய்தார்கள்.

ஒரு டெஸ்ட் டிரைவின் விலை

பெட்ரோலை வீணாக்குகிறார்கள் என்பதுதான் ஷோரூம்களில் முதலில் எழும் புலம்பல். கணக்குப் போட்டால் பெட்ரோல் கடைசியில் வரும்.

டெமோ காரின் அடக்கம் 12 லட்சம் என்று கொள்வோம். ஓராண்டு ஓட்டி விற்கும்போது 2.5 லட்சம் இறக்கம். 9 சதவீத வட்டி 1.08 லட்சம். இன்சூரன்ஸ் 40,000. சர்வீஸ், டயர், கழுவுவது எல்லாம் 30,000. மொத்தம் 4.28 லட்சம். ஆண்டுக்கு 1,000 டெஸ்ட் டிரைவ் என்றால் ஒன்றுக்கு 428 ரூபாய். எட்டு கிலோமீட்டர் ஏசியோடு ஓட ஒரு லிட்டர், 100 ரூபாய். மாதம் 22,000 ரூபாய் சம்பளமுள்ள கன்சல்டன்டின் முக்கால் மணி நேரம், 70 ரூபாய். ஆக, ஏறத்தாழ 600.

இதில் 428 ரூபாய், வண்டி நின்றாலும் ஓடினாலும் போவது. எனவே செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, வாங்கவே போகாத ஒருவரை ஏற்றிப் போனால் ஷோரூமுக்குப் புதிதாக ஆகும் செலவு 170 ரூபாய். அதற்கு முகம் சுளிப்பது வீண். ஞாயிறு மாலை 6 மணிக்குக் கதை வேறு. ஒரு ஓட்டத்துக்குத் தாள் வேலை 5 நிமிடம், ரோடு 25, திரும்பி நிறுத்தித் துடைத்து சீட்டைச் சரி செய்ய 10 என்று 40 நிமிடம் போகும். ஆறிலிருந்து எட்டுக்குள் ஆட்டோமேட்டிக் டெமோ மூன்று முறைதான் வெளியே போகமுடியும். ராகுகாலம் கழித்து வரும் கூட்டம் முழுவதும் அந்த மூன்று இடத்துக்குத்தான் நிற்கிறது. அங்கே ஒன்றைத் தவறான ஆளுக்குக் கொடுத்தால் போவது 170 ரூபாய் அல்ல, ஒரு புக்கிங்.

எனவே கேட்கவேண்டிய கேள்வி “இவர் வாங்குவாரா” அல்ல. “இந்த நேரத்தில் இந்த வண்டி யாருக்குப் போகவேண்டும்” என்பது. முதல் கேள்விக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது, இரண்டாவதற்கு முடியும்.

(டெமோ காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, விற்பனைக்குக் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவு உண்டா என்ற குழப்பம் பல டீலர்களுக்கு நெடுநாள் இருந்தது. 2024 செப்டம்பர் 10 தேதியிட்ட 231/25/2024 சுற்றறிக்கை, விற்பனையை வளர்க்க வைத்திருக்கும் டெமோ வண்டிக்குக் கழிவு உண்டு என்று தெளிவாக்கியது. கணக்கில் மூலதனச் சொத்தாகக் காட்டியிருந்தாலும் உண்டு. ஆனால் வரித் தொகையின் மேலும் தேய்மானம் எடுத்திருந்தால் கிடைக்காது. ஆடிட்டரிடம் இதைக் கேட்காமல் பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் ஷோரூம்கள் இருக்கின்றன.)

யார் வாங்க வராதவர்?

ஐடிக்காரர் ஐந்து வண்டி ஓட்டி ஒன்று வாங்குவார். மற்ற நான்கு ஷோரூமுக்கும் அவர் டைம் பாஸ் பார்ட்டி. அவர் எங்கும் பொய் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் போவது தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை வாடிக்கையாளர் குணம் என்று எழுதினால் கோளாறு எங்கே என்று தெரியாமல் போய்விடும்.

உண்மையிலேயே வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் சில வகைதான். ரீல் எடுக்க வருபவர்கள். வேறு கம்பெனியில் புக் செய்துவிட்டு, தப்புப் பண்ணவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள வருபவர்கள். ஏற்கனவே வண்டி எடுத்துவிட்டு, தனக்குக் கிடைத்த டிஸ்கவுன்ட் சரிதானா என்று பார்க்க வருபவர்கள். பழைய வண்டி வாங்கத் தீர்மானித்து, எந்த மாடல் என்று புதிதில் ஓட்டிப் பார்ப்பவர்கள்; இவர்களை ஷோரூமின் யூஸ்டு கார் பிரிவுக்கு அனுப்பினால் அங்கே வியாபாரம் நடக்கும், ஆனால் புது வண்டி விற்பவர் தனக்கு இன்சென்டிவ் இல்லையென்று அனுப்பமாட்டார். பக்கத்து டீலரின் ஆள். கடைசியாக, ஊழியர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க கம்பெனியே அனுப்பும் மிஸ்டரி ஷாப்பர். வாங்கும் எண்ணம் துளியும் இல்லாத அவரிடம் எரிந்து விழுந்தால்தான் ஷோரூமுக்கு நேரடி அடி.

இவர்களோடு சேர்த்துத் தவறாகத் தள்ளப்படும் கூட்டம் இதைவிடப் பெரியது. ஆடி, மார்கழியில் வருபவர்கள். வரி இறங்கக் காத்திருப்பவர்கள். முடிவெடுப்பவர் வேறு ஊரில் இருக்க, இங்கே பார்த்துச் சொல்ல வந்தவர்கள். விலையைத் தவறாக நினைத்து வந்தவர்கள்: இது சென்னையில் மிக அதிகம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்சம் வண்டிக்கு 1,80,900. எக்ஸ்-ஷோரூமில் பத்தாயிரம் ஏறினால் வரியில் ஐம்பத்தோராயிரம் ஏறுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் பிடித்து, வாங்குபவர் பெயரில் கட்டும் வருமான வரி) வேறு. அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகவேண்டும். விளம்பரத்தில் எக்ஸ்-ஷோரூம் பார்த்து, டெஸ்ட் டிரைவ் முடித்து, கடைசியில் ஆன்-ரோடு பார்த்து அதிர்ந்து காணாமல் போனவரை “சும்மா வந்தவர்” என்று எழுதுகிறோம். ஓட்டுவதற்கு முன்பே ஆன்-ரோடு தொகையை வரி, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் என்று பிரித்துக் காட்டியிருந்தால் அவர் ஒரு வேரியன்ட் கீழே இறங்கி, அதை ஓட்டிப் பார்த்திருப்பார்.

என்ன செய்யலாம்

முதல் வேலை, வரவேற்பு மேசையில் ஆட்டோமேட்டிக் டெமோவுக்குத் தனி நேரப் பலகை. ஞாயிறு 10.30 முதல் 12 வரையும், மாலை 6 முதல் 8 வரையும் முன்பதிவு செய்தவர்களுக்கும் இரண்டாம் முறை வருபவர்களுக்கும் மட்டும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் மறுப்பு இல்லை. மேனுவல் டெமோ, அல்லது திங்கள் முதல் வெள்ளிக்குள் அவர்களுக்கு வசதிப்பட்ட நேரம், அப்போதே பெயர் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ரீல் பையன்களுக்கு டிஸ்பிளே வண்டியில் தாராளமாகப் படம் எடுக்க விடலாம். வார நாளில் கூப்பிட்டால் பெரும்பாலும் வரமாட்டார்கள். வந்தால் 170 ரூபாய் விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்ளலாம். ரீலில் வண்டி நன்றாகவே தெரியும்.

பேச்சின் தொடக்கத்தை மாற்றவேண்டும். “எப்ப சார் எடுக்கப் போறீங்க?” என்றால் எல்லோரும் “சீக்கிரம்” என்பார்கள். பட்ஜெட்டைக் கேட்டால் பொய்த் தொகை வரும். சிபில் ஸ்கோரை முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பது அவமானம். கேட்கவேண்டியவை இவை: இப்போது என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள், அதை என்ன செய்யப்போகிறீர்கள்? யார் ஓட்டுவார்கள், பின்னால் யார் உட்காருவார்கள்? எங்கே நிறுத்துவீர்கள்? மூன்றாவது கேள்வி சென்னையில் நன்றாக வேலை செய்யும். வாங்கப்போகிறவர் தன் ஸ்டில்ட் பார்க்கிங்கை அளந்திருப்பார், அல்லது அளக்காததை நினைத்து அப்போதே கவலைப்படுவார். “ரெண்டரை மீட்டர்தான் இருக்கு, ஒரு பக்கம் தூண், கதவு திறக்குமா?” என்று பேச்சு நீளும். கனவில் இருப்பவர் “அதெல்லாம் இடம் இருக்கு” என்று தாண்டிவிடுவார். மூன்று மணிக்குத் தனியாக வந்த பெண் இந்தப் பதிலைக் கேள்வி கேட்காமலேயே கையில் கொடுத்தார்.

உடை, செருப்பு, வந்த வண்டி, டார்க் எண்கள் இவற்றில் எதையும் நம்பாதீர்கள். வாங்குபவர்கள் குதிரைத்திறனைப் பற்றிக் கேட்பது குறைவு. சர்வீஸ் சென்டர் எங்கே, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு என்ன செலவு, டெலிவரி எத்தனை நாள், ரீசேல் எப்படி என்பார்கள். பழைய வண்டியின் ஆர்சி புத்தகத்தோடு சாவியையும் மதிப்பீட்டுக்கு நீட்டினார் என்றால் மேற்கொண்டு அடையாளம் தேட வேண்டாம்.

டிஸ்பிளே வண்டிகளில் ஒன்றாவது தரையில் நிற்கட்டும். செலவில்லாத மாற்றம் இது ஒன்றுதான்; சொல்லி வைத்தாற்போல எதிர்ப்பு வருவதும் இதற்குத்தான், ஷோரூம் அழகு கெடுகிறதாம். முழங்கால் வலிக்காரர்களை டெமோ வண்டியில் பின் சீட்டில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். பல குடும்பங்களில் டெஸ்ட் டிரைவ் நடப்பது ஸ்டீயரிங்கில் அல்ல, இடது பின் கதவில்.

ரூட் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. சின்னது மூன்று கிலோமீட்டர்: சர்வீஸ் ரோடு, ஒரு யூ டர்ன், இரண்டு ஸ்பீடு பிரேக்கர். முதல் முறை வருபவருக்கு இது போதும், 10 நிமிடம். பெரியது எட்டு கிலோமீட்டர்: கீழ்க்கட்டளைப் பாலம் ஏறி இறங்கி, குடியிருப்புத் தெரு ஒன்றில் நுழைந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துத் திரும்புவது. திரும்பும் இடம் வண்டியில் ஏறுமுன்பே சொல்லப்படவேண்டும். நகருக்குள் காருக்கு 60 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. “ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க சார்” என்று கன்சல்டன்டே உசுப்பக்கூடாது.

சாவி கைமாறும் முன் லைசென்ஸ். டிஜிலாக்கரில் காட்டினாலும் சரி. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ ஆகாது. எல்எல்ஆர் வைத்திருப்பவருக்கு ஸ்டீயரிங் இல்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆம் பிரிவில் கொடுத்தவருக்கு 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியது 18 வயது நிரம்பாதவர் என்றால் 199-ஏ பிரிவு உரிமையாளரைப் பிடிக்கும்: 25,000 ரூபாயும் மூன்று ஆண்டு வரை சிறையும். இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கிளெய்மும் நிற்காது. டெமோ காரின் உரிமையாளர் ஷோரூம்தான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைக்கும்.

டெமோ வண்டியின் பின் சீட்டில் எப்போதும் இன்னொருவர் வரவேண்டும் என்றில்லை. ஆனால் முன் சீட்டில் கன்சல்டன்ட் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது. அந்த ஞாயிறு பையன்கள் நால்வரும் ஏறியதால் கன்சல்டன்டுக்குக் கிடைத்தது பின் சீட்டின் நடு இடம். அங்கிருந்து “திரும்புங்க ப்ரோ” என்றால் யார் கேட்பார்?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புறப்பாடு, வருகை கிலோமீட்டரை எழுதுங்கள். வார முடிவில் ஓடோமீட்டரையும் சிஸ்டத்தில் உள்ள டெஸ்ட் டிரைவ் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது ஓட்டம் பதிவாகி வண்டி 60 கிலோமீட்டர்கூட ஓடவில்லையென்றால், விகிதத்துக்காக யார்டுக்குள்ளேயே உருட்டி, ஓட்டம் நடந்ததாக வாடிக்கையாளரிடம் ஓடிபி வாங்கியிருக்கிறார்கள். இப்படிப் பொய்ப் பதிவு சேர்ந்துவிட்டால், ஓட்டிப் பார்த்தவர்களில் எத்தனை பேர் வாங்கவில்லை என்ற கணக்கே கெட்டு, வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஏமாற்றுவதாகத் தோன்றும்.

என்கொயரியை மூடும் விதம்தான் மிச்சம். “ஜஸ்ட் லுக்கிங்”, “நாட் இன்ட்ரஸ்டட்” இரண்டையும் காரணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிலுக்கு எழுதவேண்டியது, எது மாறினால் வருவார் என்பது: ஆவணி பிறந்தால், வரி இறங்கினால், மகன் ஊருக்கு வந்தால், பழைய வண்டி விற்றால், ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பார்த்தால். அதற்குப் பக்கத்தில் ஒரு தேதி. வரிக்குக் காத்திருப்பவர் என்று தனியாகக் குறித்திருந்தால், செப்டம்பர் 4 காலையிலேயே புது விலையோடு கூப்பிட ஒரு பட்டியல் தயாராக இருந்திருக்கும். புக்கிங் படிவத்தில் “டெலிவரி நாளின் விலையே பொருந்தும்” என்று வழக்கமாக அச்சிட்டிருக்கும். வரி இறங்கும் காலத்தில் அந்த ஒரு வரி வாடிக்கையாளருக்குச் சாதகம். அதைக் காட்டி ஆகஸ்டிலேயே புக்கிங் எடுத்திருக்கலாம். அன்று பேசப்பட்டதோ “ஆஃபர் இந்த மாசத்தோட முடியுது சார்”. குடும்பத்துக்கு ஒரே என்கொயரி: அப்பா நம்பர், மகன் நம்பர் இரண்டையும் ஒரே பதிவில்.

இந்த முறையும் எங்கே கெடும்

நேரப் பலகை வந்த சில வாரத்தில் அது வாசல் காவலாகிவிடும் ஆபத்து உண்டு. “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” என்று செக்யூரிட்டி கேட்க ஆரம்பித்தால் பிழைப்பு போயிற்று. பலகை டெமோ காருக்கு மட்டும். கதவுக்கும் காபிக்கும் பேச்சுக்கும் அல்ல. இன்னொன்று, இரண்டாம் முறை வருபவருக்கு முன்னுரிமை என்று தெரிந்தால் கன்சல்டன்ட்கள் முதல் முறை வந்தவரையும் இரண்டாம் முறை என்று எழுதுவார்கள். டீம் லீடர் சிஸ்டத்தில் பழைய பதிவைத் திறந்து பார்த்த பிறகுதான் சாவி.

மெட்ரோ பணியோ மழைத் தண்ணீரோ ரூட்டில் குறுக்கிட்டால் 25 நிமிடம் 50 ஆகும்; பலகை முழுதும் சரியும். அக்டோபர் பிறந்ததும் மாற்று ரூட் ஒன்றை ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் டெமோ காரை இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், அதற்கென்று தனியாகச் சேர்த்த பாலிசி இல்லாவிட்டால் செலவு கைப்பணம்.

வாடிக்கையாளர் பக்கத்திலும் சொல்ல ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்துத்தான் வாங்குவீர்கள் என்றால் அதைச் சொல்லிவிட்டு வார நாள் காலையில் போங்கள். ஆற அமர ஓட்டிக் காட்டுவார்கள். நம்பர் கொடுக்க விருப்பமில்லையென்றால் பொய் நம்பர் கொடுக்காமல், எந்தத் தேதிக்குப் பின் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். ஓட்டும்போது போனை ப்ளூடூத்தில் இணைத்திருந்தால் இறங்கும் முன் நீக்கிவிடுங்கள். உங்கள் கான்டாக்ட் பட்டியல் அடுத்தவர் கண்ணில் படும்.

வீட்டுக்கு வண்டி கொண்டுவரச் சொல்லும் டெஸ்ட் டிரைவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பல்லாவரத்திலிருந்து அம்பத்தூருக்குப் போய்வர, ஓட்டும் நேரமும் சேர்த்து, மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போகும். ஷோரூமில் அந்த நேரத்தில் நான்கு பேர் ஓட்டியிருப்பார்கள். சனி, ஞாயிறு இதை வைத்துக்கொள்ளவே கூடாது. வார நாளில், நடக்க முடியாத பெரியவர் உள்ள வீட்டுக்கும், பழைய வண்டியை மதிப்பிட வேண்டிய வீட்டுக்கும் முதலிடம். கிளம்பும் முன் ஆன்-ரோடு தொகை வாட்ஸ்அப்பில் போயிருக்க வேண்டும், “பார்த்தேன்” என்று பதில் வந்திருக்க வேண்டும். போகிறவர் கையில் அளவு நாடா இருக்கட்டும். கேட்டின் அகலம், சாய்தளத்தின் ஏற்றம், தூணிலிருந்து தூண் எவ்வளவு என்று மூன்றையும் அளந்து என்கொயரியில் ஏற்றிவிட்டு வரட்டும்.